டிரம் பிரேக்கில் ஓட்டை போட்டால் குளிருமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்கள் கூடும் எந்த டீக்கடைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் புல்லட், ஜாவா, ஆர்எக்ஸ் நூறுகளில் இரண்டு மூன்றிலாவது முன் சக்கர டிரம் பிரேக்கை மூடுகிற பிளேட்டில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, உள்பக்கம் எவர்சில்வர் வலை வைத்து, சிலது முன்னால் ஒரு சின்ன காற்றுவாயும் ஒட்டி, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பை முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருப்பார்கள். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. "எதுக்குங்க இது?" என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "கூலிங்குக்கு."

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகுக்காகப் போட்டேன் என்று சொன்னால் கைகுலுக்குவேன், கூலிங்குக்குப் போட்டேன் என்றால் உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது எண்பதுகளில் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. அதன் பழைய 6 அங்குல முன் பிரேக்கை எடுத்துவிட்டு, பின்னாளில் வந்த 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக்கை (லீடிங் ஷூ என்றால் என்ன என்று கீழே வருகிறது) ஹப்போடு சேர்த்து மாட்டியிருக்கிறேன். பழைய புல்லட் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் செய்கிற மாற்றம்தான் இது. நான் சேலத்துக்காரன், அதனால் எனக்குப் பரிசோதனைச் சாலை என்றால் ஏற்காடு மலைப்பாதைதான். அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை.

பிரேக் என்பது வண்டியை நிறுத்துகிற கருவி என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவி, அவ்வளவுதான். ஹப்புக்குள் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்பு வளையம்தான் டிரம்; லீவரைப் பிடித்தால் பிளேட்டில் இருக்கிற கேம் திரும்பி, லைனிங் என்கிற உரசுபொருள் ஒட்டிய ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்தும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ, வேகம் மணிக்கு 80 கி.மீ. என்றால், அதை நிறுத்தும்போது சுமார் 62 கிலோஜூல் சூடு பிறக்கிறது. இதில் மூன்றில் இரண்டு பங்கு முன் டிரம்முக்குப் போகிறது, டிரம்மில் 3 கிலோ இரும்பு இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் டிரம் சுமார் 30 டிகிரி ஏறும். ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை, அடுத்த சிக்னல் வருவதற்குள் ஆறிவிடும்.

மலைக்கணக்கு வேறு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இறங்குவது ஏறக்குறைய 1200 மீட்டர் உயரம். அதே 250 கிலோ அந்த உயரத்தை இழக்கும்போது கிட்டத்தட்ட 2900 கிலோஜூல் எங்கேயாவது போயாக வேண்டும். அதாவது 80 கி.மீ. வேகத்திலிருந்து 47 முறை நிறுத்துவதற்குச் சமம், அதுவும் நடுவில் ஆற விடாமல். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், வாங்க விட்டால். கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலில் போட்டோ இறங்குகிற ஆள் அந்தப் பெரும்பங்கையும் இரண்டு சின்ன டிரம் தலையில் கட்டிவிடுகிறான்.

அப்போது என்ன ஆகிறது? மூன்று விஷயம் ஒன்றாக நடக்கிறது. லைனிங் சூடேறி அதன் பிடிமானம் குறைகிறது; லைனிங்கில் இருக்கிற பிசின் எரிந்து வாயுவாகி நடுவில் ஒரு மெல்லிய படலம் போல நிற்பதும் உண்டு. இரண்டாவது, டிரம் விரிகிறது. 178 மி.மீ. விட்டமுள்ள இரும்பு டிரம் 200 டிகிரி ஏறினால் விட்டம் சுமார் 0.4 மி.மீ. கூடும். கேட்க ஒன்றுமில்லாத அளவு, ஆனால் ஷூ அந்தத் தூரத்தையும் போய்த் தொட வேண்டும், அதற்குக் கேம் இன்னும் திரும்ப வேண்டும், லீவர் ஹேண்டில்பாரை நோக்கி வந்துகொண்டே இருக்கும். மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. டிரம்மின் ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருப்பதால், திறந்த விளிம்பு மட்டும் அதிகமாக விரிந்து வாய் அகன்றுவிடும். ஷூ பாதி அகலம்தான் தொடும். தொடுகிற பாதி இன்னும் சூடாகும்.

இரட்டை லீடிங் ஷூவில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. லீடிங் ஷூ என்றால் சக்கரம் சுற்றுகிற சுற்றே ஷூவை டிரம்முக்குள் இன்னும் இழுத்து அழுத்தும். இரண்டு ஷூவும் அப்படி என்றால் கைக்கு லேசாக, கடிக்கிறது பலமாக. நல்லதுதானே? நல்லதுதான், ஆனால் பிடிமானம் கொஞ்சம் குறைந்தால் அந்த இழுப்பும் சேர்ந்து குறைகிறது, அதனால் சூட்டில் சறுக்குவதும் சீக்கிரம். அப்புறம், பின்பக்கம் உருளும்போது இரண்டு ஷூவுமே எதிர்ப்பக்கமாகி விடுவதால் முன் பிரேக் சும்மா பேருக்குத்தான் இருக்கும். ஏறுகிற வழியில் கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்து நிற்க நேர்ந்தால் முன் லீவரை எவ்வளவு பிடித்தாலும் புல்லட் பின்னால் நழுவும். அங்கே கால் பிரேக்தான் தெய்வம். பின் டிரம்மில் எந்தப் பக்கம் உருண்டாலும் ஒரு ஷூ லீடிங்காக இருக்கும்.

சரி, இப்போது ஓட்டைக்கு வருவோம்.

இந்த ஓட்டையும் காற்றுவாயும் எங்கிருந்து வந்தது? பந்தய மைதானத்திலிருந்து. டிஸ்க் பிரேக் வருவதற்கு முன்னால், அறுபதுகளில், ஐரோப்பியப் பந்தய வண்டிகள் 200 கி.மீ. வேகத்திலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் டிரம்மை வைத்துத்தான் வேகத்தைக் கொன்றன. இத்தாலியின் ஃபோன்டானா டிரம்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்: மக்னீசியம் வார்ப்பு, நான்கு லீடிங் ஷூ, இரண்டு பக்கமும் பிளேட், முன்னால் வாயைப் பிளந்த காற்றுவழி, பின்னால் வெளியேறும் வழி. அந்த அழகைப் பார்த்து மயங்காத ஆள் கிடையாது. ரோட்டு வண்டிகளும் அதைப் பின்பற்றின. பிரிட்டனின் ட்ரையம்ப் 1968-இல் 8 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக் கொண்டுவந்தபோது பிளேட்டில் வலை போட்ட காற்றுவாய் வைத்தது. லவெர்டா தன் 750 வண்டிக்கு எஸ்எஃப் என்று பெயர் வைத்ததே அதன் டிரம் பிரேக்கின் பெருமைக்காகத்தான். அந்த இரண்டெழுத்துக்கு இத்தாலியில் அபார பிரேக் என்று அர்த்தம். சுசுகி ஜிடி 750 முதலில் வந்தது நான்கு லீடிங் ஷூ டிரம்மோடு, 1973 மாடலில் அதை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டார்கள். ஹோண்டா சிபி 750 தான் 1969-லேயே முன் டிஸ்க்கோடு வந்து இறங்கி, டிரம் பிரேக்கின் கதையை முடிக்க ஆரம்பித்திருந்ததே.

ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1971-இல் ட்ரையம்புக்கும் பிஎஸ்ஏவுக்கும் பொதுவாகக் கூம்பு வடிவத்தில் ஒரு முன் ஹப் வந்தது. காற்றுவாய் எல்லாம் உண்டு, பார்க்க ஜோர். பிடிப்பில் கெட்ட பெயர் வாங்கியது. காரணம் சூடு இல்லை, கேமைத் திருப்புகிற லீவர்கள் ரொம்பக் குட்டை. நெம்புகோல் குட்டையானால் கைக்குக் கிடைக்கிற பலம் குறையும், இதற்கு எவ்வளவு காற்று விட்டு என்ன பிரயோசனம்?

பந்தயத்தில் காற்றுவாய் வேலை செய்கிறது என்பது நிஜம். நம் மலைப்பாதையில்? காற்றுவாயில் மோதுகிற காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 200 கி.மீ.யில் கிடைக்கிற அழுத்தத்தில் 30 கி.மீ. வேகத்தில் 44-இல் ஒரு பங்குதான் கிடைக்கும். ஏற்காட்டில் நாம் இறங்குகிற வேகம் அதுதான், இருபது முப்பது. டிரம் எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கே காற்றுவாய் தூங்குகிறது. நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது காற்று நன்றாக நுழையும், ஆனால் அங்கே நாம் பிரேக்கே பிடிப்பதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. சூடு எங்கே உட்கார்கிறது? லைனிங் சூட்டைக் கடத்தாத பொருள், அதனால் உரசலில் பிறக்கிற சூட்டில் பெரும்பகுதி டிரம்முக்குள்தான் போகிறது. பிளேட்டுக்கு வருவது கொஞ்சம். மலை இறங்கியதும் வண்டியை ஓரம் கட்டி ஹப்பின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சுர்ரென்று ஓடும். பிளேட்டின் மேல் விட்டால் வழிந்து இறங்கும். (கையை வைத்துச் சோதிக்க வேண்டாம், தயவுசெய்து.) சூடில்லாத இடத்தில் ஓட்டை போட்டு என்ன ஆறும்? உள்ளே நுழைகிற காற்று டிரம்மின் உள்சுவரைத் தொட்டு வெளியேறினால்தான் கொஞ்சமாவது பயன். பெரும்பாலும் அது வெளியேறுவதே இல்லை.

இதை நான் நம்பிக்கையில் சொல்லவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு உடைசல் பிளேட் வாங்கி, முன்பக்கம் மட்டும் ஓட்டை போட்டு வலை வைத்து, சக்கரத்தில் மாட்டி, எதிரே டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். ஊதுபத்தி கொளுத்தி ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தால் புகை வலை வரைக்கும் வந்து, வலையிலேயே மோதி, பிளேட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டது. ஒரு இழைகூட உள்ளே போகவில்லை. அப்புறம் பிளேட்டின் பின்பக்கம் அதே அளவுக்குத் திறந்துவிட்டேன். இப்போது புகை உள்ளே இழுபட்டது, கொஞ்சம் தாமதமாகப் பின் ஓட்டைகள் வழியே கலைந்து வெளியே வந்தது. வழி இருந்தால்தான் காற்று வரும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளில் முன்பக்கம் மட்டும் ஓட்டை போட்டவைதான் அதிகம், அல்லது காற்றுவாயை ஒட்டிவிட்டு அதற்குப் பின்னால் பிளேட்டை வெட்டவே வெட்டாதவை. இரண்டாவது ரகத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை, அது வெறும் நகை, வேறெதுவாகவும் நடிக்கவில்லை.

அகச்சிவப்பு வெப்பமானி என்று ஒன்று இப்போது ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது, துப்பாக்கி மாதிரி நீட்டினால் டிகிரி காட்டும். அதை வைத்து "ஓட்டை போட்டதும் சூடு பாதியாகிவிட்டது" என்று காட்டுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாலிஷ் போட்ட அலுமினியம் தன் சூட்டை அகச்சிவப்பாக வெளியே விடுவது ரொம்பக் குறைவு, அதனால் அந்தத் துப்பாக்கி அதன் மேல் பொய்யான, குறைந்த எண்ணைத்தான் காட்டும். ஹப்பில் ஒரு ஓரமாக மட் கறுப்புப் பெயின்ட் ஒரு காசளவு அடித்து, அந்த இடத்தை மட்டும் குறிவைத்து அளந்தால் ஓரளவு நிஜம் தெரியும். அப்படி அளந்தபோது, என் வண்டியில் ஓட்டை உள்ள பிளேட்டுக்கும் இல்லாத பிளேட்டுக்கும் மலை இறங்கிய பின் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது கியரில் இறங்கியதற்கும் மூன்றாவதில் இறங்கியதற்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

பாலிஷ் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். கறுப்புப் பெயின்ட் அடித்த ஹப் சூட்டை அதிகமாகக் கதிர்வீசும், பளபளப்பான ஹப் குறைவாக. அப்படியென்றால் பாலிஷ் கெடுதலா? ஓடுகிற வண்டியில் சூட்டை எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் காற்றோட்டம்தான், கதிர்வீச்சின் பங்கு சின்னது. அதனால் பாலிஷ் பிடிக்கும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை. தடிமனாகப் பவுடர் கோட்டிங் போடுவதைத்தான் நான் தவிர்ப்பேன், அலுமினியத்துக்கு மேல் பிளாஸ்டிக் போர்வை போத்தின மாதிரி.

அப்போது நிஜமாகவே பிரேக்கைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவது எது? என் அனுபவத்தில் முக்கால்வாசி பதில் லேத் பட்டறையில்தான் இருக்கிறது.

டிரம் வட்டமாக இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். ஸ்போக் கட்டியதும் அது வட்டமாக இருக்காது. நாற்பது ஸ்போக்கும் ஹப்பை நாலாபக்கமும் இழுக்கின்றன, லைனரும் (டிரம்மின் உள்ளே ஷூ உரசுகிற இரும்பு வளையம்) சேர்ந்து கொஞ்சம் கோணும். ஹப்பைத் தனியாகக் கடைந்துவிட்டு அப்புறம் ஸ்போக் கட்டினால் கடைந்த காசு வீண். சக்கரத்தை முழுசாகக் கட்டி, கோட்டம் எடுத்து, அப்புறம்தான் டிரம்மைக் கடைய வேண்டும். பிரச்சனை என்னவென்றால் 19 அங்குல ரிம் சுற்றுகிற அளவுக்குப் பெரிய லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. எங்கள் ஊரில் கேட்டுக் கேட்டுப் போய், பம்ப்செட் வேலை பார்க்கிற ஒரு பட்டறையில் நடுவில் பள்ளம் விட்ட நீள லேத் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

அங்கே இருக்கிற டர்னர் அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார், பிளேட்டில் நான் பென்சிலால் வரைந்து வைத்திருந்த ஓட்டைகளையும் பார்த்தார்.

"இது என்னங்க தம்பி, சல்லடையா?"

"கூலிங்குக்குன்னு சொல்றாங்கண்ணே."

"ஓட்டை போட்டுத் தர்றேன், காசும் வாங்கிக்கிறேன். ஆனா பிரேக் பிடிக்கலைன்னு மட்டும் எங்கிட்ட வராதீங்க. மொதல்ல டிரம்மு என்ன லட்சணத்துல இருக்குன்னு பாப்போம்."

ஆக்சில் வழியாக மேண்ட்ரல் என்கிற ஒரு தண்டைச் செருகி, லேத்தில் ஏற்றி, கோட்டத்தை அளக்கிற டயல் கேஜின் முனையை லைனரில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஓடியது, நின்றது, திரும்பி ஓடியது, ஒரே சுற்றில் இரண்டு தடவை. முட்டை வடிவம் என்றார். அந்த டிரம்மில்தான் இத்தனை நாளும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷூ மேட்டில் மட்டும் உரசும், பள்ளத்தில் தொடாது, உரசுகிற இடம் மட்டும் கொதிக்கும். கடையும்போது இரும்பு சுருள் சுருளாக வரவில்லை, வார்ப்பிரும்பு அப்படி வராது. கறுப்பு மாவாக உதிர்ந்து அவருடைய பனியனில் படிந்தது. முதல் ஓட்டத்தில் பாதிச் சுற்று வெளுத்தது, மீதி அப்படியே மங்கலாக இருந்தது. முழு வட்டமும் ஒரே வெள்ளையானதும் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல எடுத்தா சூடு தாங்காதுங்க" என்றார். அதுதான் சரி. தடித்த தோசைக்கல் மாதிரிதான் டிரம், கனம் இருந்தால்தான் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைந்துகொண்டே போனால் இரும்பு குறைந்து, சீக்கிரம் கொதிக்கும்.

டிரம்மைக் கடைந்தால் ஷூவையும் அதற்குத் தக்கபடி கடைய வேண்டும், இல்லையென்றால் பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம், நடுவில் ஒரு விரற்கடை மட்டும் தொடும். தடிமனான லைனிங் ஒட்டி, ஷூக்களைப் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூ காலுக்கும் நடுவில் மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் விரித்து, அந்த நிலையிலேயே லேத்தில் டிரம் விட்டத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகக் கடைய வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். டிரம்முக்குள் சாக்பீஸைத் தேய்த்து, மாட்டி, லேசாகப் பிடித்துச் சுற்றி, கழற்றிப் பாருங்கள். லைனிங் முழுக்க வெள்ளை ஒட்டியிருந்தால் சரி, இரண்டு முனையிலோ நடுவிலோ மட்டும் ஒட்டியிருந்தால் அந்த இடத்தை எமரி பேப்பரால் தேய்க்க வேண்டும். பார்த்த பிறகு சாக்பீஸ் பொடியைத் துடைத்து எடுத்துவிடுங்கள். லைனிங்கின் முன் விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட்டால் கடித்து இழுக்காது, குறுக்கே சாய்வாக ஒரு காடி வெட்டினால் தூசியும் வாயுவும் வெளியேற வழி கிடைக்கும். பழைய ஷூ என்றால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் கம்ப்ரஸரை எடுத்து டிரம்முக்குள் அடிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மாட்டும்போது செய்ய வேண்டியது இரண்டு, இரண்டுக்கும் காசு கிடையாது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, முன் லீவரை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முடுக்குங்கள். பிளேட் தானாகவே டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும். அடுத்து, இரட்டை லீடிங் ஷூவில் இரண்டு கேமையும் இணைக்கிற கம்பி. முதல் ஷூ டிரம்மைத் தொடும்போதே இரண்டாவதும் தொட வேண்டும். கம்பியைத் தளர்த்தி, முதல் ஷூ உரச ஆரம்பிக்கிற இடத்தில் லீவரைக் கட்டி நிறுத்திவிட்டு, இரண்டாவதும் உரசுகிற வரை கம்பியின் நீளத்தைத் திருகுங்கள். பாதி வண்டிகளில் இரண்டாவது ஷூ வெறும் பார்வையாளராகத்தான் இருக்கிறது. பிரேக்கை முழுசாகப் பிடித்த நிலையில் கேபிளுக்கும் கேம் லீவருக்கும் நடுவில் செங்கோணம் இருக்க வேண்டும்; லைனிங் தேயத் தேய லீவர் அந்தக் கோணத்தைத் தாண்டிப் போகும், பலம் குறைந்துகொண்டே வரும்.

இதெல்லாம் செய்த பிறகு, ஓட்டையும் போட்டேனா என்றால், போட்டேன். அழகாக இருக்கிறதே, ஏன் போடக்கூடாது? அண்ணனே போட்டுக் கொடுத்தார், சிரித்துக்கொண்டே. ஆனால் எங்கே போடுவது என்பதில் அவரும் நானும் நிறைய நேரம் பேசினோம். ஷூ தாங்கி நிற்கிற பிவட், கேம் புஷ், பிளேட் ஃபோர்க்கில் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம், இந்த மூன்றைச் சுற்றியும் கை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது டிரம் பிளேட்டையும் சேர்த்துச் சுற்றத்தான் பார்க்கிறது, அந்தப் பலம் முழுக்க இந்த இடங்கள் வழியாகத்தான் ஃபோர்க்குக்குப் போகிறது. அங்கே விரிசல் விட்டுப் பிளேட் சுழன்றால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் அழகு பற்றிப் பேச ஆள் இருக்காது. உள்பக்கம் விலா எலும்பு மாதிரி ஓடும் வரப்புகளையும் வெட்டக்கூடாது. ஓட்டை வட்டமாகவே இருக்கட்டும், சதுர மூலையில்தான் விரிசல் ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட வேண்டும். டிரம் லைனரில் ஓட்டை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

முன்னால் போட்ட அளவுக்குப் பின்னாலும் போட்டோம். கீழே ஒரு சின்ன வடிகால் ஓட்டை. வலையை ஒட்டவில்லை, ரிவெட் அடித்தோம், ஏனென்றால் பசை விட்டுப்போய் வலை டிரம்முக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஓட்டைக்குக் கொடுக்கிற விலை மழைநாளில் தெரியும். தண்ணீர் உள்ளே போனதும் முதல் பிடிப்பில் பிரேக் ஒன்றுமே செய்யாது, லைனிங் காய்ந்த கணத்தில் திடீரென்று கவ்வும். இரட்டை லீடிங் ஷூவில் அந்தக் கவ்வல் பொல்லாதது. அதனால் மழையில் அவ்வப்போது லேசாகப் பிடித்துக் காயவைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. நனைந்த வண்டியை இரண்டு நாள் அப்படியே நிறுத்தினால் லைனரில் துரு பூத்து ஷூ ஒட்டிக்கொள்ளும், வண்டியை நகர்த்தும்போது டப்பென்று ஒரு சத்தம். ஐப்பசி கார்த்திகையில் நான் பிளேட்டுக்கு உள்ளிருந்து ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து ஓட்டைகளை மூடிவிடுகிறேன். வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். கூலிங் போய்விட்டதே என்று இதுவரை டிரம் புகார் சொல்லவில்லை.

ஹப்பைச் சுற்றி அலுமினிய வளையம் ஏற்றி, செதில் செதிலாக வெட்டிக் கொடுக்கிறார்கள் இப்போது. இது ஓட்டையைவிட நியாயமான யோசனை, ஏனென்றால் சூடு இருக்கிற இடத்தில்தான் கை வைக்கிறது, பரப்பளவும் கூடுகிறது. ஆனால் லைனரிலிருந்து அந்தச் செதில் வரை சூடு தடையில்லாமல் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஆல்ஃபின் டிரம் என்று பந்தயக் கார்களுக்குச் செய்தார்கள், இரும்போடு அலுமினியத்தை உருக்கி ஒட்டியே வார்த்தது, நடுவில் இடைவெளியே கிடையாது. இங்கே செய்வது இறுக்கமாக ஏற்றின வளையம். சூடானால் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும், இறுக்கம் தளரும், நடுவில் காற்று புகுந்துவிடும். கூடுதல் கனத்துக்காகக் கொஞ்சம் பலன் உண்டு. நான் போடவில்லை, நன்றாகச் செய்கிற ஆள் கிடைத்தால் போடுவேன்.

ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர் விட்டம் 70, பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. உள்ள புல்லட்டின் நீள ஸ்ட்ரோக் இன்ஜின் கியரில் இறங்கும்போது நன்றாகவே பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு அந்தப் பிடிப்பு சொற்பம், சூட்டில் பெரும்பகுதி டிரம்முக்குத்தான். அதிலும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற ஜாவாவில், த்ராட்டிலை மூடிக்கொண்டு நெடுநேரம் இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோலும் சரியாகப் போகாது, ஆயிலும் சரியாகப் போகாது. நடுநடுவே கொஞ்சம் முறுக்கிவிட வேண்டும், நடுநடுவே நிறுத்தி டிரம்மை ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடலாம்.

பின் டிரம்முக்கும் இதே அலங்காரம் செய்யலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழைய புல்லட்டில் பின் டிரம்மும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே வார்ப்பு. அங்கே பிளேட்டைத் திறந்துவிட்டால் காற்று வருமோ வராதோ, செயினில் போட்ட ஆயிலும் ரோட்டுப் புழுதியும் குழைந்து நேராக லைனிங்கில் போய் உட்காரும். அதைத் தொடுகிற எண்ணம் இல்லை. அடுத்த மாதம் பின் ஷூ மட்டும் மாற்றணும், அதற்கு அரை மணி நேரமும் ஒரு ஸ்பேனரும் போதும்.